ஆகப் பிந்துகிறவர் முன்னுக்கு

போன மாதம் புதிதாகச் சேர்ந்த நடை வழிகாட்டிகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். இளைப்பாறிய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு, ஒரு பூங்கொத்தைக் கையில் கொடுத்து, முன் வரிசைக் கதிரையில் இருத்தினார்கள். பிள்ளைகள் எல்லோர் கையிலும் கைபேசி. இப்போது கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் பாதை தெரியாமல் திண்டாட வேண்டியதில்லை. கைபேசியைத் தட்டினால் நீலக் கோடு ஒன்று முன்னால் ஓடுகிறது. மழையில் கைபேசி நனைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நனையாத உறை இருக்கிறது என்றார்கள். எதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

பிறகு ஒரு பெண் எழுந்து, "அன்ட்டி, நீங்க மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனதிலேயே ஆகக் கஷ்டமான ஆளு யாரு?" என்று கேட்டாள். சிறுத்தையைக் கண்டு மயங்கியவர், கால் முறிந்தவர், புல்லுக்குள் காணாமல் போனவர் என்று எதையோ எதிர்பார்த்திருப்பாள். "என்னோட மேலதிகாரி" என்றேன். வகுப்பு சிரித்தது. இப்போதைய முகாமையாளரும் பக்கத்துக் கதிரையில் இருந்தார், அவருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு என்பதால் பாதியை விழுங்கிவிட்டுச் சொன்னேன். இங்கே விழுங்காமல் எழுதுகிறேன்.

நான் கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியக்காரி. அந்த மலைநடைச் சுற்றுலா நிறுவனத்தில் சேர்ந்தது மலையேற அல்ல, மலையேறப் போகிறவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்ட. ஒருநாள் பெண்கள் குழு ஒன்று வந்து, எங்களுக்குப் பெண் வழிகாட்டிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது. நிறுவனத்தில் இருந்த ஒரே பெண் நான். பார்சலை நானே கட்டி நானே சுமந்துகொண்டு போனேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் மற்ற வழிகாட்டிகளுக்குப் பின்னால் நடந்து பழகினேன். என் படிப்பு அவ்வளவுதான்.

பழக்கியவர் குலசிங்கம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், நில அளவை வேலையில் இருந்து ஓய்வு பெற்று எங்களிடம் பாதைப் பொறுப்பாளராக வந்தவர். எந்தப் பாதை திறந்திருக்கலாம், எதை மூட வேண்டும், யார் எங்கே வழிகாட்டலாம் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். வெயிலோ மழையோ, கையில் ஒரு கறுப்புக் குடை. அதை அவர் விரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஊன்றுவதற்கும், கல்லைக் குத்திப் பார்ப்பதற்கும், குழுவை நிறுத்துவதற்கும்தான் அந்தக் குடை. வாயில் எப்போதும் ஒரு பனங்கட்டித் துண்டு இருக்கும். சத்தம் போட மாட்டார். குடையை உயர்த்துவார், எல்லோரும் நிற்போம். புறப்படுவதற்கு முன் வரிசையாக எல்லோருடைய சப்பாத்தையும் பார்ப்பார். கயிறு தளர்ந்திருந்தால், அது எந்தப் பெரிய மனிதருடைய காலாக இருந்தாலும், குனிந்து தானே இறுக்கிவிடுவார். அந்தப் பெரிய மனிதர்கள் பாவம், கோவிலில் நிற்பதுபோல் அசையாமல் நிற்பார்கள்.

அவருடைய சட்டங்களில் பெரியது ஒன்று. ஆகப் பிந்துகிறவர்தான் முன்னுக்கு நடக்க வேண்டும். புதியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

"பிள்ளை, கேள்" என்று ஆரம்பிப்பார். "கெட்டிக்காரர் எல்லாம் முன்னுக்கு ஓடிப்போய் மேட்டில இருந்து இளைப்பாறுவினம். பிந்தினவர் மூச்சு வாங்க வாங்க வந்து சேருவார். அவர் வந்த உடன, சரி எல்லாரும் வந்தாச்சு எண்டு எழும்பி நடப்பினம். களைச்சவருக்கு ஓய்வில்லை, களைக்காதவருக்கு முழு ஓய்வு. இது என்ன நியாயம்?"

பிந்துகிறவரை முன்னுக்கு விட்டால் குழு முழுவதும் அவருடைய வேகத்தில் நடக்கும், ஒருவரும் தனியே விடுபட மாட்டார்கள். ஹந்தானை மலையில் மூடுபனி இறங்கினால் ஆளுயர மானாப்புல்லுக்குள் கொஞ்சம் தள்ளி நிற்பவரும் தெரிய மாட்டார். அங்கே விடுபடுவது விளையாட்டுக் காரியம் இல்லை.

யார் பிந்தப்போகிறார் என்பதைக் கண்டுபிடிக்கவும் அவரிடம் ஒரு வழி இருந்தது. காலைப் பார்க்கக் கூடாது, காதைக் கொடுக்க வேண்டும். புறப்படும்போது எல்லோரும் கதைத்துக்கொண்டுதான் வருவார்கள். முதல் ஏற்றத்தில் யாருடைய கதை முதலில் நிற்கிறதோ அவர்தான் அன்றைக்குப் பிந்தப்போகிறவர். பெரிய உடம்புக்காரர் சளசளவென்று கதைத்தபடி ஏறுவார், ஒல்லியாக விளையாட்டு வீரர் மாதிரி வந்த பையன் இரண்டாவது வளைவில் வாய் மூடுவான். இந்தக் கணக்கு பிழைத்து நான் பார்த்ததில்லை.

கண்டுபிடிப்பது சுலபம், சொல்வதுதான் கஷ்டம். சேருக்கு அந்தக் கஷ்டமும் தெரியாது. "ஐயா, நீங்கள்தான் ஆகப் பிந்திறியள். முன்னுக்கு வாங்கோ" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுவார். ஒரு வங்கி அதிகாரியிடம் அவருடைய மச்சான்மார் மூன்று பேரை வைத்துக்கொண்டு சொன்னார். அந்த மனிதர் முகம் சிவந்து, திரும்பி இறங்கி, நாள் முழுக்க எங்கள் வான் வண்டிக்குள் இருந்தார். எங்கள் சாரதி நஸீர் நானா, அக்குறணைக்காரர், அவருக்கு இஞ்சிப் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினாராம். அந்த மச்சான்மார் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை.

அதற்குப் பிறகு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எனக்குப் பொய் சரளமாக வரும். உயரமான வெள்ளைக்காரர் ஒருவர் பிந்தினார். காலையில் பாதை முழுக்கச் சிலந்தி வலை, உயரமான ஆள் முன்னால் போனால்தான் மற்றவர்கள் முகத்தில் ஒட்டாது என்றேன். ஒரு கோலை எடுத்து வீசிக்கொண்டு படைத்தளபதி மாதிரி முன்னால் போனார். வெள்ளவத்தையில் இருந்து வந்த ஒரு அம்மாவிடம், முன்னால் நடந்தால் படத்தில் வேறு ஆட்கள் விழ மாட்டார்கள் என்றேன். அன்று அவர் பின்னால் திரும்பியே பார்க்கவில்லை. பாடசாலை ஆசிரியர்கள் வந்தால் எனக்கு விடுமுறை. அதிபர்தான் ஆகப் பிந்துவார், அவரை முந்த ஒருவருக்கும் துணிவு வராது.

இந்தப் பொய்களையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக் கணக்கைத் தீர்த்துக்கொள்வேன். கொஞ்ச நாளில் ஃபாதரே, "இந்தக் கிழமை யாரை முன்னுக்கு விட்டாய்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

சேருக்கு மட்டும் இது பிடிக்கவே இல்லை.

"இவ்வளவு பொய் சொல்லிப்போட்டு இரவில உனக்கு நித்திரை வருதோ, பிள்ளை?"

"நல்லா வருது சேர். நாள் பூராவும் நடந்த களைப்பு."

குடையால் நிலத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார். ஆனால் ஒருநாளும் என்னைத் தடுக்கவில்லை. தான் மட்டும் பொய் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

பிறகு நிறுவனம் கைமாறியது. கொழும்பில் இருந்து பிரசன்னா என்ற இளம் முகாமையாளர் வந்தார், இப்போதும் அவர்தான். நல்ல பிள்ளை. என்னை அக்கா என்பார், நானும் தம்பி என்பேன். சேரை மட்டும் "அங்கிள்" என்று கூப்பிடுவார். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் சேரின் வாயில் பனங்கட்டி நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்கும்.

பிரசன்னா ஒரு முடிவு சொன்னார். மழை முடிந்து சுற்றுலாப் பருவம் தொடங்கும் முன் வழக்கமாகப் பாதைகளைப் பார்த்து வருவோம். இந்த முறை தானும் கூட வருவார். மலை முதுகில் போகும் நீளமான பாதையை, முதுகுப் பாதை என்போம், அதைப் பாதைப் பொறுப்பாளர் நடந்து முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அங்கிள் அலுவலகத்தில் இருந்து தொலைபேசி வேலை பார்க்கலாம், சம்பளம் குறையாது. யோசித்தால் அவர் சொன்னதில் பிழை இல்லை. வயதான மனிதர் மலை முதுகில் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

சேருக்கு மனைவி இல்லை. பிள்ளைகள் கனடாவில். கண்டி டவுனில் ஒரு வாடகை அறை, அதில் ஒரு கட்டிலும் ஒரு அலுமாரியும். "என்னைக் கதிரையில இருத்தினா அடுத்த கிழமை செத்த வீட்டுக்கு மாலை வாங்க வேண்டி வரும்" என்று என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மலையேறுவதற்கு முதல் நாள் நஸீர் நானா என்னைத் தனியே கூப்பிட்டார். "ரீட்டா, சேர் இப்ப வானில ஏறக்குள்ள கதவப் புடிச்சிக்கிட்டு கொஞ்ச நேரம் நிக்கிற. நான் கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான் ஈக்கிற. ஒண்ணும் கேக்கல்ல."

"கேக்காதீங்க நானா" என்றேன்.

மறுநாள் நாங்கள் ஐந்து பேர் ஏறினோம். சேர், பிரசன்னா, நான், இளம் வழிகாட்டிகள் இரண்டு பேர். நஸீர் நானா எங்களை இறக்கிவிட்டு, மலையைச் சுற்றி மறுபக்கத்து வீதிக்கு வானைக் கொண்டு போனார். மழைக்குப் பிந்திய மலை என்றால் அட்டைக் கடிதான் முதல் பிரச்சினை. காய்ந்த சவர்க்காரக் கட்டியைக் காலுறைமேல் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும் என்பது சேரின் முறை. சவர்க்காரம் கை மாறி வந்தது. பிரசன்னா வேண்டாம் என்று சொல்லி, கொழும்பில் வாங்கிய ஏதோ ஒரு போத்தலை எடுத்துக் கால்களுக்கு விசிறிக்கொண்டார். நல்ல வாசனை. அட்டைகளுக்கும் பிடித்திருக்க வேண்டும்.

பாதை பார்ப்பது என்றால் சும்மா நடந்து போவதல்ல. மழைத் தண்ணீர் பாதையைக் குறுக்கே அறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படிக்கற்கள் ஒவ்வொன்றையும் சேர் குடை முனையால் விளிம்பில் குத்துவார். நடுவில் குத்தினால் எந்தக் கல்லும் நல்ல பிள்ளையாக இருக்கும், விளிம்பில் குத்தினால்தான் ஆட்டம் தெரியும். ஆடினால் தோண்டி எடுத்து, அடியில் சிறு கல் கொடுத்து, மறுபடி இருத்தி, சேர் அதன்மேல் ஏறி நின்று உடம்பை அசைத்துப் பார்ப்பார். சரி என்றால் "ம்" என்பார். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பேச்சும் இருக்கும். இந்தக் கல்லை எங்கே இருந்து உருட்டி வந்தோம், எந்த வருட மழையில் அது ஓடிப்போனது என்று விடாமல் சொல்லிக்கொண்டே ஏறுவார்.

முதல் ஏற்றத்தில் அந்தப் பேச்சு நின்றது.

நான் முன்னால் நடந்துகொண்டே இருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. குடை கல்லில் படும் சத்தம் கேட்டது, குரல் கேட்கவில்லை. சட்டப்படி சேரை முன்னுக்கு அழைக்க வேண்டும். அழைத்தால் பிரசன்னாவுக்கு விஷயம் அந்த நொடியே தெரிந்துவிடும், கதிரை தயார். பொய் சொல்லி முன்னுக்கு விடலாமா என்றால், என் பொய்களை அவை பிறந்த நாளில் இருந்தே அறிந்தவர் அவர். சிலந்தி வலை என்று வாயைத் திறந்தாலே பிடித்துவிடுவார்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பிந்துகிறவரை மறைக்க முடியாவிட்டால், அவரைவிடப் பிந்துகிற இன்னொருவரை உண்டாக்கலாமே!

"தம்பி, கால்ல ஒண்ணு ஏறுதுங்க, பாருங்க" என்றேன் பிரசன்னாவிடம். உண்மையாகவே ஏறிக்கொண்டிருந்தது. துள்ளித் தட்டிவிட்டார். இன்னும் கொஞ்சம் போனதும், "மத்தக் கால்லயும்" என்றேன். அதுவும் உண்மை. மூன்றாவதுக்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. சில அடிக்கு ஒருமுறை நின்று, குனிந்து, காலுறையை விரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நாங்களும் மரியாதையாக நின்றோம். பின்னால் சேர் மூச்சு வாங்கிக்கொண்டார். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்காதே.

"அக்கா, இதுக்கு ஒரு வழியும் இல்லையா?" என்று பிரசன்னா பரிதாபமாகக் கேட்டார்.

"முன்னுக்கு நடந்தா கொஞ்சம் குறைவு தம்பி. முதல் ஆள் மிதிச்ச பிறகுதான் அட்டை முழிக்கும்."

இதுவும் பொய் அல்ல, எல்லா வழிகாட்டிகளுக்கும் தெரிந்தது. குனிந்து குனிந்து பார்த்தபடி அவர் முன்னால் நடந்தால் குழு முழுவதும் ஆமை வேகத்தில் போகும் என்பது என் கணக்கு. ஆனால் முன்னுக்குப் போன பிரசன்னா குனியவில்லை, ஓடத் தொடங்கினார். முழிப்பதற்குள் தாண்டிவிட வேண்டும் என்ற வேகம். முகாமையாளரைத் தனியே விடக் கூடாது என்று இளம் வழிகாட்டிகள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அவர் பின்னால் ஓடினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் மூன்று முதுகுகளும் புல்லுக்குள் மறைந்துவிட்டன.

நான் திரும்பி இறங்கினேன். சேர் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். குடை மடியில் கிடந்தது. முகம் வெளிறி, நெற்றி முழுக்க வியர்வை.

"தண்ணி குடிங்க சேர்."

"தண்ணி கிடக்கட்டும். முதல் ஏத்தத்திலயே என்ர கதை நிண்டிட்டுது. கேட்டனியோ?"

"கேட்டேன் சேர்."

"பிறகேன் என்னை முன்னுக்குக் கூப்பிடேல்லை?"

"முகாமையாளரை வச்சிக்கிட்டா? உங்க வேலை போயிடுமே சேர்."

"அந்த வங்கிக்காரருக்கு மச்சான்மாரை வச்சுக்கொண்டு சொன்னனான். அவருக்கு வெக்கம் இருக்கேல்லையோ? எனக்கு மட்டும் என்ன விசேஷம்?" குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "ஊர் உலகத்தையெல்லாம் பொய் சொல்லியெண்டாலும் முன்னுக்கு விட்டனி. என்னை மட்டும் கடைசியில விட்டிட்டாய், பிள்ளை."

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. இந்த மனிதருக்காக நான் படுகிற பாடு என்ன, இவர் கேட்கிற கேள்வி என்ன!

"உங்களுக்காகத்தான் சேர் அந்தத் தம்பிக்கு அட்டையைக் காட்டினேன்! அவரு மெதுவாப் போவாருன்னு நெனச்சேன். ஓடுவாருன்னு யாருக்குத் தெரியும்?"

சேர் என்னை அண்ணாந்து பார்த்தார். "அட்டையைக் காட்டினனியோ?"

நடந்ததைச் சொன்னேன். அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. மூச்சுத்தான் முட்டுகிறதோ என்று பயந்துபோனேன். சிரிப்பு! சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்து, பிறகுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"அதில ஒரு பொய்யும் இல்லையே" என்றார். "தேறிட்டாய்."

இன்றைக்கும் நான் செய்தது முழுப் பிழை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். பாதிப் பிழை என்றால் ஒத்துக்கொள்வேன்.

மெதுவாக ஏறினோம். மேட்டில் மூன்று பேரும் சுகமாக உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் பிரசன்னா காற்சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "சரி, எல்லாரும் வந்தாச்சு. போவமா அங்கிள்?"

சேர் குடையை உயர்த்தினார்.

"இரும் தம்பி. நான் இப்பதான் வந்தனான்."

பிரசன்னா உட்கார்ந்தார். சேரும் உட்கார்ந்து, ஒரு பனங்கட்டித் துண்டை வாயில் போட்டு, அது கரையும்வரை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"இண்டைக்கு ஆகப் பிந்திற ஆள் நான். அதால இனி நான் முன்னுக்கு. நீங்கள் எல்லாரும் எனக்குப் பின்னால வாங்கோ."

பிரசன்னாவுக்குச் சட்டம் தெரியும். ஒரு நொடி என்னைப் பார்த்தார். "அங்கிள், ஏலாட்டி இப்படியே இறங்கிப் போவமே."

"ஏலாது எண்டு நான் சொல்லேல்லை, தம்பி. மெதுவா எண்டு சொன்னனான்."

முதுகுப் பாதை முழுவதையும் அவருடைய வேகத்தில் நடந்தோம். கொஞ்ச தூரத்தில் மறுபடி பேச்சுக் கேட்டது. இந்தக் கல், அந்த மழை, இந்த இடத்தில் புல்லை வெட்டு, அங்கே கம்பி துருப்பிடித்துப் போச்சு. பிரசன்னா அவருக்கு நேர் பின்னால் நடந்தார். ஒருமுறைகூடக் காலுறையை விரித்துப் பார்க்கவில்லை. இறங்கும்போது அவருடைய இரண்டு காலிலும் இரத்தம் கோடாக வடிந்திருந்தது.

வீதியில் நஸீர் நானா வானுக்கு வெளியே நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாச் சுணங்கிட்டீங்க" என்றார். சேரின் முகத்தைப் பார்த்ததும் வேறொன்றும் கேட்காமல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

வானில் சேரே சொல்லிவிட்டார். "தம்பி, உம்மட கதிரையை வேற ஆருக்கும் குடும். நான் இந்த மாதத்தோட நிக்கிறன். பாதையை ரீட்டாவிட்டக் குடும். வாய் முழுக்கப் பொய். ஆனா காது நல்லது."

பிரசன்னா சரி என்று தலையாட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விரும்பாமல் கிடைத்த பதவி, கிடைத்த நாளிலேயே அதை நான் வெறுத்தேன்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை. புறப்பட வேண்டிய குழுவை எண்ணினேன், ஒரு ஆள் கூடுதலாக இருந்தது. வரிசையின் கடைசியில் ஒரு கறுப்புக் குடை.

"காசு கட்டியிருக்கிறன்" என்றார் சேர். "எனக்கும் ஒரு சோத்துப் பார்சல் இருக்குத்தானே?"

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறை வந்தார். முதல் ஏற்றத்தில் அவர் பேச்சு நின்றதும், "சேர், நீங்கதான் ஆகப் பிந்துறீங்க, முன்னுக்கு வாங்க" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்வேன். என் வாழ்க்கையில் பொய் கலக்காமல் நான் முன்னுக்கு விட்ட ஒரே மனிதர் அவர்தான். நடை முடிந்து பிரசன்னா வாடிக்கையாளர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் சேருக்கு மட்டும் குறைகள் நிறைய இருக்கும். மூன்றாவது வளைவில் கல் ஆடுகிறது, சம்பலில் உப்புக் கூட, வழிகாட்டிக்கு வாய் கூட.

கடைசியாக அவர் வந்த நாளில் கொழும்பில் இருந்து ஒரு அலுவலகக் கூட்டம் வந்திருந்தது, எல்லாம் இளம் பிள்ளைகள். சேரை முதலிலேயே முன்னுக்கு விட்டிருந்தேன். முதல் வளைவு வந்ததும் குடை உயர்ந்தது. எல்லோரும் நின்றோம். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். இனி ஏலாது என்று தலையை மட்டும் மெல்ல அசைத்தார்.

மற்றவர்களை இன்னொரு வழிகாட்டியோடு மேலே அனுப்பியிருக்கலாம். அனுப்ப மனம் வரவில்லை. அந்தக் கூட்டத்தை அடுத்த கிழமை காசு வாங்காமல் முதுகுப் பாதைக்குக் கூட்டிப் போனேன், அது வேறு விஷயம். அன்று அந்த வளைவிலேயே பாயை விரித்து, எல்லோருக்கும் பார்சலைப் பிரித்துக் கொடுத்தேன். அங்கே இருந்து தெரிவதெல்லாம் சீமெந்துத் தண்ணீர்த் தாங்கி ஒன்றும், அதற்குப் பக்கத்தில் யாரோ காயப்போட்ட துணிகளும்தான்.

"இந்த மலையிலேயே ஆக நல்ல காட்சி இங்கதாங்க" என்றேன் சத்தமாக. "இதுக்கு மேல போனா ஒண்ணும் பெருசாத் தெரியாது."

பிள்ளைகள் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெண் சேர் பக்கம் திரும்பினாள். "அங்கிள், உண்மையா?"

சேர் வாயில் இருந்த பனங்கட்டியை மெதுவாக ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். அந்தத் தாங்கியையும் துணிகளையும் நெடுநேரம் பார்த்தார்.

"ஓம் பிள்ளை" என்றார். "இதைவிட வடிவான இடம் மேல ஒண்டும் இல்லை."